இடது கன்னத்து வெயில்

கண்ணு,

சின்ன வயதில் உன்னை "தோலை உரிச்சுப்போடுவேன்" என்று மிரட்டித்தான் வளர்த்தேன். ஊரில் இருக்கிற எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், ஒருத்தியும் உரித்ததில்லை. நீ ஒருவன்தான் அந்தப் பேச்சை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டு, அதையே படித்துப் பட்டமும் வாங்கி, திரும்பி வந்து, மிரட்டினவளையே கட்டிலில் படுக்கவைத்து உரித்தவன். பழி வாங்குவதற்கு இத்தனை வருஷம் உட்கார்ந்து படித்த பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நாளைக் காலை அந்தியூரில் உன் கிளினிக்கைத் திறக்கிறாய். நாளையிலிருந்து அதன் மாடியில்தான் உன் குடித்தனம். கோயமுத்தூர் வீட்டில் உன் அறைக்கதவை இனி யார் தட்டினாலும் உள்ளே இருந்து "அஞ்சு நிமிசம்மா" என்று பொய் வராது. இதை எழுதும்போது நான் ஆர்.டி.ஓ. மைதானத்து வேப்பமரத்தடியில் காரை நிறுத்தியிருக்கிறேன். என்னிடம் ஓட்டப் பழகிய பெண்கள் டெஸ்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் விண்ணப்பம், என் கையில் மட்டும் பேனா. நேரில் சொல்லியிருக்கலாம்தான். நேரில் என்றால் நான் கேலி பேசுவேன், நீ சிரிப்பாய், சொல்ல வந்தது பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கடிதம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது, நீ ஒண்ணாங் கிளாஸ் படித்தபோது ஒரு நாள் உன்னைப் பயமுறுத்த ஒரு வேலை செய்தேன். ஒட்டுகிற வெள்ளைப் பசையை முழங்கையில் பூசிக் காயவிட்டு, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஐயோ, அம்மாவுக்குத் தோல் கழண்டு வருது, பாரு கண்ணு!" என்று கத்திக்கொண்டே பரபரவென்று உரித்தேன். வேறு பிள்ளையாக இருந்தால் அழுதுகொண்டு அப்பாவிடம் ஓடியிருக்கும். நீ பையைக் கீழே வைத்தாய், கிட்டே வந்தாய், உரிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு என் கையைத் தடவிவிட்டு, "வலிக்குதாம்மா? உள்ள இருக்கறது வேற கலரா இல்லியே?" என்று கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கேள்வியை நீ இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளானது. வலிக்கிறதா என்று முதலில், கலர் என்ன என்று அப்புறம். அந்த வரிசையை மாற்றிவிடாதே.

நீ தோல் மருத்துவம் எடுக்கப்போவதாகச் சொன்னபோது நம் சொந்தத்தில் நடந்த பேச்சு உனக்குப் பாதிதான் தெரியும். "இருதயம் எடுக்கலாம், எலும்பு எடுக்கலாம், போயும் போயும் தோலா?" என்றார் உன் பெரியப்பா. "தோல்ல எந்திரிச்சு ஓடற அவசரமே வராதுங்க, பையன் நல்லாத் தூங்குவான்" என்றேன் நான். வெளியே அப்படிச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அந்தியூர் மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தேன். பையனுக்கு அந்தப் படிப்பில் இடம் கிடைத்தால் நெருப்பு ஓட்டை ஏந்தி உனக்குப் பூவோடு எடுக்கிறேன் ஆத்தா என்று. இடம் கிடைத்தது. அடுத்த வருஷத்துக் கோயில் நோம்பியில் வீட்டில் ஒரு சாவு, அதற்கடுத்த நோம்பியில் எனக்கு அம்மை, அப்புறம் ஏதோ ஒன்று என்று வேண்டுதல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. நீ படித்தே முடித்துவிட்டாய். ஆத்தா கணக்கில் நான் அப்போதும் அரியர்தான்.

என் முகத்துக்கு வருகிறேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருகிறவள் உட்காருவது இடது சீட்டில். கற்றுக்கொள்கிறவளுக்கு ஸ்டியரிங், எனக்கு ஜன்னல். கவுண்டம்பாளையத்திலிருந்து காந்திபுரம் வரை, காந்திபுரத்திலிருந்து கவுண்டம்பாளையம் வரை, இத்தனை வருஷமாக வெயில் என் இடது கன்னத்தை மட்டும் தடவிக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணாடி ஏற்றியிருந்தால் வெயில் வராது என்று நான் நினைத்திருந்தேன். சூடுதான் குறையும், தோலைக் கெடுக்கிறது கண்ணாடி வழியாகவும் வரும் என்று பிறகு நீ சொல்லித்தான் தெரிந்தது. ஐம்பதைத் தொட்டபோது இடது கன்னம் பூராவும் மங்கு, கறுத்த திட்டாக. மாதவிலக்கு நிற்கிற வயதும் சேர்ந்துகொண்டது, தோல் வறண்டு, கண்ணோரம் கோடு விழுந்து, இடது பக்கத்துக்கு அறுபது வயது. வலது பக்கம் மட்டும் நாற்பதிலேயே நின்றுவிட்டது. சராசரி போட்டால் சரியான வயதுதான், ஆனால் சராசரியை யார் கண்ணாடியில் பார்க்கிறார்கள்? போட்டோ எடுக்கும்போதெல்லாம் நான் வலது பக்கம் காட்டி நின்றதை நீ கவனித்திருக்கிறாய். உன் பட்டமளிப்புப் படத்தில்கூட நான் யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்பேன்.

எனக்கு இருபது வயதுப் பெண் ஆகவேண்டும் என்று ஆசையில்லை. அந்த வயதில் நான் செய்த சேட்டைகளுக்கு மறுபடி பதில் சொல்ல என்னால் ஆகாது. இரண்டு கன்னமும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதனால் நீ ஊர் திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுமே, சாப்பாடு போடும்போது கேட்டேன்.

"கண்ணு, ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கற கெமிக்கல் பீல்னு சொல்றாங்களே, எனக்கு ஒண்ணு பண்ணிவுடு. வர்ற ஞாயித்துக்கெழமை உங்க மாமா ஊட்டுல சீர் இருக்குது."

"ஞாயித்துக்கெழமைக்கு முடியாதுங்கம்மா."

"ஏன், ஆசிட் தீந்துபோச்சா?"

"உங்களுக்கு மொதல்ல தோலைத் தயார் பண்ணோணும். கொஞ்ச வாரம் தெனமும் சன்ஸ்கிரீன், ராத்திரி ஒரு கிரீம். கார்ல இருக்கறப்பவும் போடோணும். நம்ம மாநிறத் தோல்ல அவசரப்பட்டு உரிச்சா, உரிச்ச எடம் இன்னும் கறுத்துப்போகும்."

"பெத்தவளுக்கே வெயிட்டிங் லிஸ்ட்டா?"

"பெத்தவளுக்குத்தானுங்க மொதல்ல."

அப்போது எனக்குக் கோபம்தான். வெடுக்கென்று ரசத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், நீ மோரோடு முடித்துக்கொண்டாய். ஆனால் என்னிடம் வண்டி பழக வருகிற பெண்கள் முதல் நாளே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். நான் விடமாட்டேன். காலி மைதானத்தில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் பழகினால்தான் ரோடு. அதே வார்த்தையை நீ என்னிடம் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று ராத்திரியே கிரீம் பூச ஆரம்பித்துவிட்டேன் என்பதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை, கௌரவம்.

பிறகு ஒரு சனிக்கிழமை நீ என்னைப் படுக்கவைத்தாய். தலைமுடியைத் துணியால் கட்டி, முகத்தை எதிலோ நனைத்த பஞ்சால் துடைத்தாய், கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் வாஸ்லின் தடவினாய். பிரஷ்ஷில் தொட்டு நெற்றியிலிருந்து ஆரம்பித்தாய். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எறும்பு கடித்தது. ஒரு எறும்பு இல்லை, ஒரு புற்று. நீ கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, "எரியுதாம்மா? பத்துக்கு எத்தன?" என்று கேட்டாய். "பத்துக்கு நாலு. பரீட்சையில நீ கணக்குல வாங்குன மாதிரி" என்றேன். நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள், நீ சிரிக்கவில்லை. அதுவரை எத்தனையோ கேலிக்குச் சிரித்த என் பிள்ளை, கையில் பிரஷ் இருக்கும்போது சிரிக்கமாட்டான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே விசிறி காற்று, முகத்தில் எரிச்சல், கண் மூடியிருந்தது. மூடின கண்ணுக்குள் எனக்கு அப்படி ஒரு பெருமை. பிறகு வேறு ஏதோ ஊற்றி எரிச்சலை அடக்கி, ஈரத்துணி வைத்தாய்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லி அனுப்பினாய். வெயிலில் போகக்கூடாது, பார்லருக்குப் போகக்கூடாது, அடுப்புக்கிட்டே ரொம்ப நேரம் நிற்கக்கூடாது, உரிகிற தோலைக் கையால் பிய்க்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். அந்தியூரில் நோம்பிக்கு நாள் குறித்துப் பூச்சாட்டி முடிந்திருந்தது. நோம்பி அடுத்த வாரம் என்று அங்கே இருக்கிற என் மூத்த நாத்தனார், உன் அத்தை, போன் பண்ணிச் சொல்லி, "இந்தத் தடவையும் ஏச்சுப்போடாத அம்மணி" என்று எச்சரித்தும் இருந்தாள். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் உன் ஆசிட் ஒரு டிபார்ட்மென்ட், ஆத்தாளின் நெருப்பு இன்னொரு டிபார்ட்மென்ட் என்றுதான் என் மண்டையில் இருந்தது. டாக்டரிடம் யாராவது பூவோட்டைப் பற்றிப் பேசுவார்களா? நீயும் கேட்கவில்லை. அடுப்பு என்றாய், நான் கேஸ் அடுப்பை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று நாளில் தோல் பொருக்குப் பொருக்காக உரிய ஆரம்பித்தது. உன் அப்பா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து, "அம்மணி, பாம்பு சட்டை கழட்டறாப்புல இருக்குது" என்றார். "அப்ப கொஞ்சம் சூதானமாவே இருங்க" என்றேன். அடியில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, குழந்தையின் உள்ளங்கை மாதிரி. இடது கன்னத்தில் மங்கு ஒரு சுற்று மெலிந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நேராகப் பார்த்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியது அன்றைக்குத்தான். நீ பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டு, "தயவுசெய்து பிய்க்காதீர்கள்" என்று அனுப்பினாய்.

அந்த முகத்தோடுதான் அந்தியூர் போனேன். உன் அத்தை என்னைப் பார்த்ததும், "என்ன மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது?" என்றாள். "சூட்டு அலர்ஜிங்க நங்கை" என்றேன். என் பிள்ளை எனக்கு முகத்தை உரித்தான் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, இந்த வயதில் இவளுக்கு மினுக்கு கேட்கிறதாக்கும் என்று சிரிப்பார்கள் என்ற கூச்சம். குளித்து, ஈர மஞ்சள் சேலையோடு வரிசையில் நின்றேன். பூவோடு என்றால் உனக்குத் தெரியும், நூறு தடவை பார்த்திருக்கிறாய். மண் ஓட்டில் கட்டையைப் போட்டு நெருப்பு வளர்த்து, வேப்பிலையை அடியில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயில் வரை நடப்பது. பத்து மணி வெயில். நெருப்பு மார்புக்கு நேராக, அனல் முகத்துக்கு நேராக. ஓட்டைக் கையில் வாங்கின பிறகுதான் நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என்னைப் பார்த்தாய்.

உன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். கிட்டே ஓடி வந்தாய்.

"அம்மா, என்னங்கம்மா இது? நீங்க இப்ப நெருப்புக்கிட்ட நிக்கவே கூடாது. எறக்கி வெச்சுருங்க. அடுத்த வருசம் எடுத்துக்கலாம்."

"ஏஞ்சாமி, கையில வாங்கிப்போட்டு எறக்கக்கூடாது."

உன் அத்தை பின்னாலிருந்து, "ஏம்ப்பா, மூஞ்சி செவந்துருச்சுன்னு ஆத்தாளுக்கு நேந்ததை நிறுத்துவாங்களா? யாருக்காக நேந்தாளாம்?" என்றாள்.

"உனக்காகத்தான் கண்ணு" என்றேன். "நீ தோல் டாக்டர் ஆகோணுமுன்னு."

உன் வேலை நடக்கவேண்டும் என்று வைத்த வேண்டுதல், நீ செய்த வேலையை எரிக்க வருகிறது. நீ கத்தியிருக்கலாம், ஓட்டைப் பிடுங்கியிருக்கலாம். எனக்காக நேர்ந்ததை நானே எடுக்கிறேன் என்று வீரம் பேசியிருந்தாலும் கூட்டம் கை தட்டியிருக்கும். நீ அதில் எதையும் செய்யவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு ஒரு கறுப்புக் குடையை வாங்கி விரித்துக்கொண்டு, என் இடது பக்கம் வந்து, வெயிலுக்குக் குறுக்கே பிடித்தபடி நடக்க ஆரம்பித்தாய். "கையை நல்லா முன்னால நீட்டிப் புடிங்கம்மா. முகத்தை விட்டுத் தள்ளி. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, மெதுவா வலது பக்கம் திரும்புங்க" என்று எனக்கு நீ வண்டி ஓட்டச் சொல்லித் தந்தாய். எனக்காவது இடது சீட்டில் காலடியில் தனிக் கிளட்ச், பிரேக் உண்டு, உனக்கு அதுவும் இல்லை. வரிசையில் பின்னால் வந்த ஒரு பெண், "ஏனுங் டாக்டரு, சாமிக்கே கொடையா?" என்று கேட்டாள். "சாமிக்கில்லீங்க, எங்கம்மாளுக்கு" என்றாய். கோயில் வரை கேலி பின்னாலேயே வந்தது. நீ குடையை மடக்கவில்லை.

இருந்தும் அனல் தன் வேலையைக் காட்டியது. பத்து நாளில் இடது கன்னத்தில் பழைய மங்கு இருந்த இடத்திலேயே அதைவிடக் கறுப்பாக ஒரு திட்டு. வலது கன்னத்திலும் லேசாக. அப்போதுதான் நீ அந்தியூரிலேயே கிளினிக் வைக்க இடம் பார்க்கிறதாகச் சொல்லியிருந்தாய். "கோயமுத்தூரை உட்டுப்போட்டு அங்க போயி யாருடா மூஞ்சிக்குப் பாக்க வருவாங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "வெயில்ல நிக்கறவங்க அங்கதானுங்கப்பா இருக்காங்க" என்றாய். எந்த ஊரில் போர்டு மாட்டப்போகிறாயோ அந்த ஊர் முழுக்க என் முகத்தைப் பார்த்தாயிற்று. உன் பெயர்ப்பலகையை எழுதி முடிக்கும் முன்பே நான் அதில் கரியைப் பூசிவிட்டேன்.

அந்த மாதமே அங்கே உன் அத்தை வீட்டில் நிச்சயதார்த்தம். நான் வரவில்லை என்றேன். "வரோணும்மா" என்று நீதான் கூட்டிப்போனாய். பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. எதிர் வரிசையில் இருந்த அம்மா, உன் அத்தையின் நாத்தனார், என்னை உற்றுப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டாள்.

"ஏங்கண்ணு, உங்கம்மா மூஞ்சிக்கு நீதான் ஏதோ பண்ணுனியாமா? ஆசுபத்திரியில வேலை பாக்கற பொண்ணு எங்கூரு, அது சொல்லுச்சு. டாக்டரோட அம்மாளுக்கே இப்படின்னா…"

எனக்கு இலையில் கை நின்றுவிட்டது. இல்லீங்க, பூவோடு எடுத்ததால வந்தது, பையன் மேல தப்பில்லை என்று கத்த வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையைத் தொட்டாய்.

"ஆமாங்க, நான்தான் பண்ணுனேன்" என்றாய், சத்தமாக, பந்தி பூராவும் கேட்கிற மாதிரி. "நோம்பி எப்பன்னு கேக்காம பண்ணிப்போட்டேன். கேட்டிருக்கோணும். இப்ப நானேதான் சரி பண்ணிட்டிருக்கேன். ஆறு மாசம் ஆகுமுங்க. அம்மாவை அடிக்கடி பாப்பீங்கல்ல, பாத்துட்டுச் சொல்லுங்க."

அவள் பாயச வாளியைக் கை காட்டி, "பாயசம் போட்டுக்கோ கண்ணு" என்றாள். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் தெரிந்தது, மகன் அம்மா முகத்தைக் கெடுத்துவிட்டான் என்று. வண்டியில் திரும்பும்போது உன்னோடு சண்டை போட்டேன்.

"எதுக்கடா பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டே? உண்மையைச் சொல்றதுக்கென்ன?"

"நான் சொன்னதும் உண்மைதானுங்களே. கேக்காதது நான்தான்."

"கடை தெறக்கறதுக்கு முன்னாலயே கெடுத்துக்கிட்டே."

நீ ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டு சொன்னாய். "பூவோடு எடுத்ததாலதான் இப்படின்னு அங்க சொல்லியிருந்தா, நாளைக்கு அந்தம்மா எங்கிட்ட வந்தா என்ன பண்ணுவாங்க? பூவோடு எடுக்கறதை மறைப்பாங்க. டாக்டர் திட்டுவாருன்னு. மறைச்சா அவங்க மூஞ்சியும் இப்படித்தான் ஆகும். தப்பு டாக்டரோடதுன்னு சொன்னா, வந்து தைரியமாச் சொல்லுவாங்கம்மா."

கண்ணு, இத்தனை பெண்களுக்கு வண்டி பழக்கியிருக்கிறேன், வண்டியை எங்காவது முட்டிக்கொண்டு வந்து நிற்கிற எவளும் முதலில் சொல்வது, "அந்த ஆட்டோக்காரன்தாங்க்கா குறுக்க வந்தான்" என்பதுதான். நானும் அப்படித்தான் சொல்வேன். என் வயிற்றில் பிறந்த ஒருவன், குறுக்கே வந்தவளையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பார்த்திருக்கவேண்டியது நான்தான் என்று சொல்கிறான். உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது என்று இதில் எதையும் உரிமை கொண்டாட முடியவில்லை. பெருமை மட்டும் படலாமா என்று யோசித்தேன், படலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் வந்த மாதங்களில் நான் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "இன்னொரு கை உரிச்சுவுட்டா சீக்கிரம் போயிருமல்ல?" என்று வாராவாரம் கேட்டேன். வாராவாரம் "இல்லீங்கம்மா" என்றாய். தோல் கோபமாக இருக்கும்போது மறுபடி சீண்டக்கூடாது, முதலில் ஆறட்டும் என்றாய். காரின் இடது கண்ணாடியில் வெயில் தடுக்கிற ஷீட்டை நீயே ஒட்டினாய், சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று நான் கேட்டேன், கேட்டுவிட்டுத்தான் ஒட்டுகிறேன் என்றாய். மதியம் வகுப்பு எடுக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து மறுபடி சன்ஸ்கிரீன் பூசினேன். பழக வந்த பெண்கள் சிக்னலில் நிற்கும்போது, "அக்கா, எனக்கும் கொஞ்சம்" என்று கை நீட்டுவார்கள். நம் டிரைவிங் ஸ்கூலில் இப்போது முதல் பாடம் கிளட்ச் இல்லை, சன்ஸ்கிரீன். ஆறிய பிறகு, மழைக்காலத்தில், லேசாக இன்னும் இரண்டு தடவை செய்தாய். முதலில் என்னிடம் கேட்டாய், "வேண்டுதல் ஏதாச்சும் பாக்கி இருக்குதாம்மா?" நான் உண்மையாகவே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

போன வாரம் உனக்குச் சாப்பாடு கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ இன்னொரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாய். சென்னிமலையிலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும், கன்னத்தில் எனக்கு இருந்த அதே மங்கு. நான் திரைக்கு இந்தப் பக்கம் டிபன் கேரியரோடு நின்றேன். சர்க்கரை உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டாய். பிறகு, "உங்க ஊர்ல நோம்பி எப்பங்க? பூவோடு, தீமிதி, காவடின்னு ஏதாச்சும் நேந்திருக்கீங்களா? இருந்தாத் தாராளமா எடுங்க. நாம அதுக்குத் தகுந்தாப்புல நாள் வெச்சுக்கலாம்" என்றாய். அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வர்ற பங்குனிக்கு ஒண்ணு இருக்குதுங் சாமி. சொன்னா வைவீங்களோன்னு இருந்தேன்" என்றார். இந்தக் கேள்வி உன் புத்தகங்களில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் முகத்தை அது காப்பாற்றிவிட்டது என்று மட்டும் தெரியும். நான் டிபன் கேரியரை நர்ஸ் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உன்னைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன். பார்த்திருந்தால் ஏதாவது கேலி செய்து அந்த நிமிஷத்தைக் கெடுத்திருப்பேன்.

உனக்கு அறிவுரை சொல்லவேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், என்ன சொல்வதென்று பார்த்தால் எல்லாம் நீ எனக்குச் சொன்னதாகவே இருக்கிறது. ஆனாலும் பெற்றவள், கொஞ்சமாவது சொல்லவேண்டும். உன்னிடம் வரப்போகிற பெண்கள் முகத்தைக் காட்டும்போதே சாக்கும் சொல்வார்கள். மகள் கல்யாணம் வருகிறது, மருமகள் சொன்னாள், சும்மா கேட்டுப் பார்க்கலாமென்று வந்தேன் என்பார்கள். ஐம்பது வயதில் தன் முகம் தனக்கு வேண்டும் என்று ஒருத்தி நேராகச் சொல்ல நம் ஊரில் இன்னும் கூச்சம்தான். நானே பெற்ற பிள்ளையிடம் சீரைச் சாக்காகச் சொல்லித்தானே கேட்டேன்? அந்தச் சாக்கைப் பார்த்துச் சிரித்துவிடாதே. நாலே நாளில் வெள்ளையாகவேண்டும் என்று வருகிறவளிடம் எனக்குச் சொன்ன மாதிரியே முடியாது என்று சொல்லு. அவள் ரசத்தை எடுத்து உள்ளே வைத்தாலும் பரவாயில்லை. வயதை எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. என் கண்ணோரத்துக் கோடுகள் மெலிந்திருக்கின்றன, போகவில்லை. போகவேண்டாம், பாதிக் கோடு உன்னால் சிரித்து வந்தது. அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடு. மாடியில் தனியாக இருக்கிறோம் என்று மூன்று வேளையும் பரோட்டாவில் ஓட்டாதே.

இன்று காலை உன் அத்தை போன் செய்தாள். "ஏனம்மணி, நாளைக்கு மொத டோக்கன் எனக்குன்னு பையங்கிட்டச் சொல்லிப்போடு. எனக்கும் கன்னத்துல ஒண்ணு இருக்குது, காட்டோணும். நோம்பிக்கு முன்னால எதுவும் பண்ணமாட்டானாமே, அது நெசந்தானே?" என்றாள். "நெசந்தானுங்க நங்கை" என்றேன். "அன்னிக்கு அவன் பந்தியில சொன்னானில்ல, அப்பவே நெனச்சேன், இவங்கிட்ட எதையும் சொல்லலாமுன்னு" என்றாள். கெட்டுவிட்டது என்று நான் கணக்குப் போட்ட அதே பந்தியில்தான் உன் பெயர் அந்த ஊரில் எழுந்திருக்கிறது.

என் இடது கன்னத்தில், எலும்புக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு நிழல் இன்னும் மிச்சம் இருக்கிறது. நாளை ரிப்பன் வெட்டும்போது போட்டோ எடுப்பார்கள், அதை மறைக்க ஒரு கிரீம் வாங்கி வைத்திருந்தேன். நேற்று நீ அதைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டமுங்கம்மா, ஆனா எனக்கு அப்படியே வந்தாத்தான் சந்தோசம்" என்றாய். யோசித்துப் பார்த்தேன். கிரீமை அலமாரியில் வைத்துவிட்டேன். நாளை உன் வாசலில் போட்டிருக்கிற முதல் நாற்காலியில் நான்தான் உட்காருவேன், வெளிச்சத்தைப் பார்த்து, நேராக. கன்னத்தில் என்ன என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். "எம்பையன் பண்ணுனது" என்று சொல்லுவேன். "மீதியெல்லாம் போனதும் எம்பையன் பண்ணுனதுதான். உள்ள போங்க, உங்க ஊரு நோம்பி எப்பன்னு கேப்பான், மறைக்காமச் சொல்லுங்க" என்பேன்.

மைதானத்தில் கை அசைக்கிறார்கள், என் பெண்களின் முறை வந்துவிட்டது. டெஸ்டில் இடது சீட் இன்ஸ்பெக்டருக்கு, நான் போய்ப் பின்சீட்டில் உட்காரவேண்டும்.

உன் அம்மா